வன்னி வெளியில் அன்ரிகனி: காற்று, வெயில், களரி

பல்கலைக்கழக வளவில் திறந்தவெளியில் ஒரு கிரேக்க நாடகம் போடுவது என்று முடிவானதும் முதலில் நடிகர் தெரிவு நடக்கும். பிறகு உடை, பிறகு ஒலிபெருக்கி. இடம் கடைசிக் கிழமையில்தான் பேச்சுக்கு வரும். கதிரையை எந்தப் பக்கம் போடுவது என்பது நாடகத்தன்று காலையில் முடிவாகும். குரல் கேட்காமல் போவதும், சனம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பதும், கோரஸ், அதாவது கூட்டாகப் பாடி ஆடும் குழு, பாடியதில் ஒரு வார்த்தையும் விளங்காமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். வன்னியில் இந்த வேலையை எடுப்பவர்கள் இடம், காற்று, நேரம் மூன்றையும் தீர்த்துவிட்டே பிரதியைக் கையில் எடுக்க வேண்டும்.

காரணம் அந்த நாடகங்களிலேயே இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், மதுக் கடவுள் டயோனிசஸின் விழாவில், மார்ச் மாத அளவில், பட்டப்பகலில் இவை ஆடப்பட்டன. கூரை இல்லை, விளக்கு இல்லை, திரை இல்லை. இன்று படங்களில் நாம் காணும் கல் இருக்கைகள் பிற்காலத்தவை. எபிடோரஸ் அரங்கும் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுந்தது. சொபோக்கிளிஸின் காலத்தில் மர வாங்குகளும் மிதித்து இறுகிய மண் தரையுமே இருந்தன. ஆக, மண் தரையும் திறந்த வானமும் உள்ள வவுனியா பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளவோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரோ இந்த நாடகத்துக்கு வசதி குறைந்த இடங்கள் அல்ல. சரிவு ஒன்றுதான் இல்லை.

உதாரணத்துக்குச் சொபோக்கிளிஸ் எழுதிய அன்ரிகனியை எடுத்துக்கொள்வோம்: அரசன் கிறியோன் அடக்கம் செய்யக் கூடாதென்று தடுத்த தன் சகோதரன் பொலினைசஸின் உடலுக்கு மண் தூவும் பெண்ணின் கதை. கி.மு. 441 அளவில் ஆடப்பட்டது. 1353 வரிகள், பேசும் பாத்திரங்கள் எட்டு. அன்று மூன்று நடிகர்களே முகமூடி மாற்றி மாற்றி எட்டையும் நடித்தார்கள். கோரஸில் தீப்ஸ் நகரத்து முதியவர்கள் பதினைந்து பேர். தமிழில் வெட்டாமல் போட்டால் பாடல்களோடு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும்.

காற்றும் சூரியனும்

வெளியில் குரலின் அளவு, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் குறையும். வாயிலிருந்து ஒரு மீற்றரில் இருக்கும் குரல் 8 மீற்றரில் 18 டெசிபெல்லும், 16 மீற்றரில் 24 டெசிபெல்லும் இறங்கிவிடும். நன்றாகப் பழகிய குரல் இதைத் தாங்கும். தாங்காதது எதிர்க்காற்று. காற்றை எதிர்த்துப் போகும் குரல் மேல்நோக்கி வளைந்து சனத்தின் தலைக்கு மேலால் போய்விடும். காற்றோடு போகும் குரல் கீழ்நோக்கி வளைந்து காதுக்கு வரும். வெயிலும் இதே வேலையைச் செய்கிறது. மத்தியானத்தில் தரை கொதிப்பதால் குரல் மேலே வளைகிறது. விடியற்காலையில் தரை குளிர்ந்து கிடப்பதால் கீழே வளைகிறது. இரவுக் கூத்தின் மத்தளம் அடுத்த ஊருக்குக் கேட்பதற்கு ஊர் அடங்கியிருப்பது மட்டும் காரணமல்ல, இதுவும் ஒரு காரணம்.

ஆகவே முதல் விதி: காற்று நடிகரின் முதுகுப் பக்கமிருந்து சனத்தை நோக்கி வர வேண்டும். இரண்டாவது விதி: வெயில் சனத்தின் முதுகில் விழுந்து, வெளிச்சம் நடிகரின் முகத்தில் இருக்க வேண்டும். வன்னியில் இந்த இரண்டும் ஒத்துப்போகும் காலமும் உண்டு, மோதும் காலமும் உண்டு.

வைகாசி தொடக்கம் ஆவணி தாண்டும்வரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். இந்த மாதங்களில் பின்னேர நாடகம் வைத்தால், காற்றுக்காக நடிகரைத் தென்மேற்கில் நிறுத்த வேண்டும். அப்போது சனம் மேற்கு வெயிலை நேரே பார்த்துக்கொண்டிருக்கும். நடிகர்கள் கருநிழலாகத்தான் தெரிவார்கள். வெயிலுக்காகத் திருப்பினால் குரல் போய்விடும். பின்னேரச் சோழகம் புழுதியையும் கூட்டிக்கொண்டு வரும். இந்த மோதலை ஒலிபெருக்கி தீர்க்காது. நேரத்தை மாற்றினால் தீரும். அதே சோழக காலத்தில் விடியற்காலையில் சூரியன் கிழக்கு-வடகிழக்கில் எழும்புகிறது. சனத்தை வடகிழக்கில் இருத்தினால் வெயில் அவர்களுடைய முதுகில், காற்று நடிகரின் முதுகில். அந்த நேரத்தில் காற்றின் வேகமும் குறைவு.

மாசி, பங்குனி முற்பகுதியில் நிலைமை மாறும். மழை ஓய்ந்து, வாடையின் மிச்சம் வடகிழக்கிலிருந்து மெல்ல வரும். அப்போது பின்னேரம் பொருந்தும்: சனம் தென்மேற்கில், நடிகர் வடகிழக்கில், இறங்கு வெயில் நடிகரின் முகத்தில். 4.30க்குத் தொடங்கினால் 6.15 அளவில் முடியும். அதற்குப் பிறகு வெளிச்சம் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காது, எனவே தாமதமாகத் தொடங்கினால் கிறியோனின் புலம்பல் இருட்டில்தான் நடக்கும். பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் பின்னேரங்களில் இடிமழை வரும். அந்தக் கிழமைகளை விட்டுவிடுவது நல்லது. ஐப்பசியிலிருந்து தை வரை வெளி நாடகம் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எங்கள் தெரிவு விடியற்காலைதான். அன்ரிகனி விடியுமுன் தொடங்கும் நாடகம். அரண்மனை வாசலுக்கு வெளியே அன்ரிகனியும் அவளுடைய சகோதரி இஸ்மேனியும் மறைவாகப் பேசும் முதற்காட்சி 99 வரிகள்; எட்டு நிமிடத்துக்குள் முடியும். உடனே முதியவர்கள் நுழைந்து சூரிய ஒளியை வரவேற்றுப் பாடுகிறார்கள். ஆனியில் சூரிய உதயம் 6 மணிக்குச் சற்று முன்னர். ஆனால் வளவைச் சுற்றிப் பாலையும் வேம்பும் நிற்பதால் வெயில் களரியில், அதாவது ஆடும் தரையில், விழ மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கலாம். நாட்காட்டியை நம்பக் கூடாது. நாடகத்துக்கு முந்திய கிழமையில் அந்த இடத்திலேயே நின்று, முதல் வெயில் களரியைத் தொடும் நேரத்தைக் குறித்து, அதற்கு எட்டு நிமிடம் முன்னதாகத் தொடங்க வேண்டும். எந்த மின்விளக்காலும் தர முடியாத ஒன்றை இந்தக் கணக்கு தந்துவிடும்.

களரியை அமைத்தல்

எபிடோரஸின் ஆடு வட்டம் ஏறத்தாழ 20 மீற்றர் குறுக்களவு. பல்லாயிரம் பேருக்கான அளவு அது. இருநூறு பேருக்கு 10 மீற்றர் போதும். ஒரு முளை, 5 மீற்றர் கயிறு, கொஞ்சம் நீறு; வட்டம் தயார். பன்னிரண்டு பேராகச் சுருக்கிய நமது கோரஸ் கையை விரித்து நின்றாலும் சுற்றளவு 31 மீற்றரில் இடிபட மாட்டார்கள்.

வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒன்றரை மீற்றர் விட்டு முதல் வரிசை. வரிசைக்கு வரிசை 90 சென்ரிமீற்றர். அரைவட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாக வளைத்து, ஆளுக்கு அரை மீற்றர் கொடுத்தால், இரண்டு நடைபாதை போக நான்கு வரிசையில் இருநூறு பேர் அடங்குவர். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வட்டத்தின் நடுவுக்கும் 10 மீற்றர் தூரம் இல்லை. மைக் இல்லாமல் நடத்தலாம் என்று துணிந்து சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். சரிவு இல்லாத குறைக்கு, முதல் இரண்டு வரிசைக்குப் பாய், மூன்றாவதற்கு உயரம் குறைந்த வாங்கு, நான்காவதற்குக் கதிரை. கதிரையை முன்னுக்குப் போட்டுப் பிரமுகரை இருத்தினால் பின்னுக்கு இருக்கும் எல்லாருக்கும் மறைப்பு. குளக்கட்டின் சரிவு கண்ணுக்கு ஆசை காட்டும். ஆனால் அதில் இருநூறு பேர் ஏறி இறங்கினால் புல் உரிந்து மண் கரையும். உரிய திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

வட்டத்துத் தரைதான் அதிக கவனம் கேட்கும். வன்னிச் செம்மண் கோடையில் மேலே மாவாகவும் கீழே கல்லாகவும் கிடக்கும். பன்னிரண்டு பேர் ஒரு சுற்று ஆடினாலே முழங்கால் அளவு புழுதி எழும். பாடுகிறவரின் தொண்டை முதல் பாட்டிலேயே அடைத்துவிடும். முதலில் கிரவல் கல்லைக் கூட்டி அள்ள வேண்டும், கோரஸ் வெறுங்காலில் நிற்கப்போகிறது. பிறகு 78 சதுர மீற்றருக்கு ஒரு பரல், அதாவது 200 லீற்றர் தண்ணீர், பூவாளியால் சீராகத் தெளித்து, ஈரம் உள்ளே போனதும் உருளை ஓட்ட வேண்டும். குழாயால் பீச்சியடித்தால் ஓரிடம் சேறாகி, காய்ந்ததும் அந்த இடமே பொருக்காக வெடிக்கும். மறுநாளும் இதையே செய்து, மூன்றாம் நாள் மெல்லிதாகச் சாணி மெழுகிக் காயவிட்டால் தரை இறுகும். கூத்துக் களரி போட்டவர்கள் கைகண்ட முறை இது. நாடகத்தன்று அதிகாலையில் மீண்டும் தண்ணீர் தெளிக்கக் கூடாது. ஈரச் சாணி வழுக்கும். முந்திய பின்னேரம் தெளிப்பதே கடைசி.

வளவுக்கு வெளியே கிராமமொன்றில் இதே நாடகத்தைப் போடுவதானால், முளை அடிப்பதற்கும் குழி தோண்டுவதற்கும் முன்னர் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதுதானா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துவது கட்டாயம்.

மரம் பார்க்கும்போது நிழலை மட்டும் பார்க்கக் கூடாது. பனங்கூடலுக்குப் பக்கத்தில் நாடகம் வேண்டாம். சோழகத்தில் காவோலை அடிக்கும் சத்தம் நூறு பேர் பேசுவதை விழுங்கிவிடும். வேம்பும் மருதும் அவ்வளவு இரைவதில்லை.

பின்சுவர் அடுத்தது. கிரேக்க அரங்கில் வட்டத்துக்குப் பின்னால் இருந்த கட்டடம் அரண்மனையாகவும் ஆனது, குரலை முன்னுக்குத் திருப்பியும் கொடுத்தது. வளவில் இரட்டைக் கதவும் இரண்டு படியும் உள்ள விறாந்தை ஒன்று சரியான திசையைப் பார்த்து இருந்தால் அதற்கு முன்னால் வட்டத்தைப் போடுங்கள். பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஒட்டுப்பலகையால் 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரத்தில் ஒன்று கட்டலாம். தகரம் காற்றில் படபடக்கும், கிடுகு குரலைத் திருப்பாது. ஆனால் பலகைச் சுவர் காற்றைப் பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. நொடிக்கு 10 மீற்றர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால் அந்த 18 சதுர மீற்றரில் ஏறத்தாழ 140 கிலோ பாரத்துக்குச் சமமான தள்ளல் விழும். சுவரிலிருந்து 2 மீற்றர் பின்னுக்கு உதைகால் கொடுத்து, உதைகால்களின் மேல் 25 கிலோ மணல் மூட்டை குறைந்தது எட்டு வைக்க வேண்டும். இந்தச் சுவருக்கு முன்னால்தான் ஒரு மாணவி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப்போகிறாள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

நுழைவழிகள்

வட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு நீண்ட வழி. ஒன்று நகரத்துக்கு, மற்றது பொலினைசஸின் உடல் கிடக்கும் வெளிக்கு. முதல் ஒத்திகையில் எது எதுவென்று தீர்மானித்தால் கடைசிவரை மாற்றக் கூடாது. காவலன் வெளிவழியால் வருகிறான், அன்ரிகனியைப் பிடித்துக்கொண்டு அதே வழியால் திரும்பி வருகிறான். சனம் அந்தத் திசையைப் பார்த்தாலே பிணம் நினைவுக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு வழியும் 20 மீற்றர் நீளம் இருக்கட்டும். சாதாரண நடையில் அதைக் கடக்கப் பதினாறு, பதினேழு வினாடி ஆகும். பிரதியில், யாராவது வரும்போதெல்லாம் கோரஸ் “இதோ வருகிறான் ஹேமன்” என்ற பாங்கில் மூன்று நான்கு வரி சொல்வதைக் காண்பீர்கள். மண்டபத்துக்குள் ஒத்திகை பார்க்கிறவர்கள் இந்த வரிகளைத் தேவையில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். வெளியில் அந்த வரிகள்தான் நடையை மூடுகின்றன. வெட்டினால், வருகிறவர் சும்மா நடந்து வர இருநூறு பேர் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

கோரஸும் கூத்தும்

ஆறு பாடல்கள், இடையிடையே உரையாடல். நாடகம் நிற்பதும் விழுவதும் கோரஸில்தான், ஆனால் ஒத்திகையில் கடைசி இடம் அதற்கே கிடைக்கிறது. நடிகர்களுக்கு ஆறு கிழமை என்றால் கோரஸுக்கு எட்டுக் கிழமை வேண்டும். அதுவும் முதலில் தொடங்க வேண்டும்.

வன்னிக்கு இங்கே ஒரு கைமுதல் உண்டு. முல்லைத்தீவின் கோவலன் கூத்தும், ஊரூராக ஆடப்பட்ட காத்தவராயனும் திறந்த களரியில் வளர்ந்தவை. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மீட்டெடுத்தபோது, விடிய விடிய ஆடியதைச் சுருக்கிப் முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குள் கொண்டுவந்தார். அதனால் கூத்துக்குப் புதிய பார்வையாளர் கிடைத்தார்கள். வட்டக்களரியின் பழக்கம் பல்கலைக்கழகங்களில் அறுந்தது. கிரேக்க நாடகம் அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கேட்கிறது.

எடுக்க வேண்டியதைத் தெரிந்து எடுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் நீண்ட வரியைச் சொன்னால் வெளியில் உயிரெழுத்து மட்டுமே மிஞ்சும். வல்லினம் ஆளுக்கொரு நொடி முன்பின்னாக விழுந்து சொல் கரைந்துபோகும். இதற்கு மருந்து பிற்பாட்டு. ஒருவர் வரியை எடுக்க, மற்றவர்கள் அதன் கடைசிப் பகுதியைத் திருப்பிப் பாடுகிறார்கள். சனம் முதல் தடவை பொருளைப் பிடிக்கும், இரண்டாம் தடவை இசையைப் பிடிக்கும். மனிதனின் ஆற்றலைப் பாடும் இரண்டாவது பாடல் பொருள் அடர்ந்தது. அதை இப்படித்தான் கையாள வேண்டும். நான்கு நான்கு பேராக மூன்று அணி பிரித்து, ஒவ்வொரு பத்தியையும் ஒரு குரலுக்குக் கொடுங்கள். பன்னிரண்டு பேரும் சேர்வது பாட்டுக்கு ஒன்றிரண்டு வரியில் மட்டும். பாடல்கள் இரட்டைப் பத்திகளாக, ஒரே சந்த அமைப்பில் வருகின்றன. முதற்பத்திக்கு ஒரு தாளக்கட்டில் ஒரு பக்கம் சுற்றினால், அடுத்ததற்கு அதே தாளக்கட்டில் மறுபக்கம் சுற்றலாம்.

எடுக்கக் கூடாதது துள்ளல். கோரஸ் இங்கே வெறும் பாட்டுக்காரர் கூட்டமல்ல. அரசனுக்குப் பயந்த, ஆனால் அவன் செய்வது சரியா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் முதியவர்கள். வேகமான ஆட்டம் அவர்களை அழகாக்கும், ஆனால் அந்தப் பயத்தை அழித்துவிடும். மத்தளமும் அப்படித்தான்: நுழைவுக்கும் வரிகளுக்கு இடைவெளியிலும் ஒலிக்கட்டும், பேச்சின் மேல் வேண்டாம். அன்று கோரஸுக்கு ஊதியது நாணல் நாக்குப் பூட்டிய இரட்டைக்குழல். அதற்கு ஈடாக நாதசுவரம் வைத்தால் பாடுகிறவர் மூழ்கிவிடுவார், புல்லாங்குழல் காற்றில் தொலையும். ஆர்மோனியம் போதும்.

நடிகர்களுக்கு ஒன்று. வெளியில் முகத்தின் சின்ன அசைவு யாருக்கும் தெரியாது. திரும்புதல், நிற்றல், கை ஓங்குதல் ஆகியவையே தெரியும். முழு முகமூடி போடுவதானால் வாய்த்துளை 5 சென்ரிமீற்றராவது திறந்திருக்க வேண்டும், முதல் ஒத்திகையிலிருந்தே போட்டுப் பழக வேண்டும். கடைசிக் கிழமையில் கொடுத்த முகமூடிக்குள் குரல் குடத்துக்குள் போட்டதுபோல் ஆகிவிடும்.

காவலன் இரண்டாம் முறை வந்து சொல்லும் சேதியில் இவை எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம். அவன் சொல்வது இது: பிணத்தின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, நாற்றம் படாமல் காற்றுக்கு மேற்புறம் மேட்டில் இருந்தோம். உச்சி வெயில் ஏறியது. திடீரென்று சுழல்காற்று எழும்பி வெளியெங்கும் புழுதி மூடியது. கண்ணை மூடிக்கொண்டு பொறுத்தோம். அது அடங்கியபோது அவள் நின்றாள், குஞ்சு பறிபோன கூட்டைக் கண்ட பறவைபோலக் கத்திக்கொண்டு. ஆடி மாதத்து வெட்டையில் சுழல்காற்றுக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நடிகர் நடித்துக் காட்டவும் வேண்டாம். நின்ற இடத்தில் நின்று, வெளிவழிப் பக்கம் ஒருதடவை கையை நீட்டி, வரி வரியாக மூச்செடுத்துச் சொன்னால் போதும். இதைச் சுருக்குவது நாடகத்தின் நெஞ்சை வெட்டுவது.

எந்த மண்ணில் போடுகிறோம்

இரண்டு சகோதரர்கள். ஒருவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம், மற்றவனுக்கு அது மறுக்கப்படுகிறது. தங்கை கைப்பிடி மண் தூவுகிறாள். வன்னியில் இந்த நாடகத்தைப் பார்க்க வருகிறவர்களில், 2009இல் தம் உறவுகளை அடக்கம் செய்ய முடியாதவர்கள் இருப்பார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தில் இருந்த தாய்மாரும் இருக்கக்கூடும். அதனால் கிறியோனுக்குச் சீருடை போடுவதோ, உள்ளூர்ப் பெயர்களைச் செருகுவதோ தேவையில்லை, தவறும்கூட. நாடகம் சொல்வதைச் சனம் தானாகக் கேட்கும். கிறியோனின் முதல் உரையை, நகரத்தைக் காக்க நினைக்கும் ஒருவனின் நேர்மையான உரையாகவே பேச வேண்டும். அவனை வெறும் கொடியவனாகக் காட்டினால், மகனையும் மனைவியையும் இழந்து அவன் உடைவதற்குப் பொருள் இல்லாமல் போகும். நாடகம் எதைப் பற்றியது என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். இடையில் எழுந்து போக நினைக்கிறவர் யாரையும் கடக்காமல் போக இரண்டு நடைபாதைகளும் கடைசிவரை திறந்திருக்கட்டும். பார்வையாளரின் முகத்தைப் படமெடுக்க எவரையும் விட வேண்டாம்.

விடியற்காலை நாடகத்தில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது: சனம் இருட்டில் வர வேண்டும். முதல் பஸ் அந்த நேரத்துக்கு வராது. காட்டோர வீதிகளில் யானை நிற்கும். மோட்டார் சைக்கிளில் தனியாக வரச்சொல்வது சரியல்ல. விடுதி மாணவர்களோடும் அயல் கிராமத்தவரோடும் நிறுத்திக்கொள்ளலாம். தூரத்தவரும் வேண்டுமென்றால், முதல் நாள் இரவே வளவில் கூத்தொன்று வைத்து கூத்துப் பழக்கும் அண்ணாவியாரையும் குழுவையும் அழைத்து, ஆட்டம் முடிய எல்லாருக்கும் தேநீர் கொடுத்து, அதே களரியில் அன்ரிகனியைத் தொடங்கலாம். அப்படிச் செய்வதானால் கூத்து முடிவதற்கும் நாடகம் தொடங்குவதற்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். களரியைக் கூட்டி, பெயர்ந்த இடங்களில் சாணி காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, இரவுக்கு ஓடிய ஜெனரேற்றரை நிறுத்திவிட்டே இஸ்மேனியை வெளியே வரச் சொல்ல வேண்டும்.